சேற்றைக் கேட்காமல் வெட்டிய வாய்க்கால்கள்

வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் குளங்களைப் படித்திருக்கிறோம். எந்த அரசன் கட்டினான், அணைக்கட்டு எவ்வளவு நீளம், மடை எங்கே இருந்தது, எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது என்றெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேர்ந்ததோடு பாடம் முடிந்துவிடும். அது நின்ற பிறகு மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று எங்கட பாடநூல் கேட்டதில்லை. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் என்ன நடக்கும் என்றும் கேட்டதில்லை.

அது விஞ்ஞான பீடத்துக்காரரின் வேலை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மண்ணின் இரசாயனத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் அரசுகள் இருக்கின்றன, காணிச் சட்டங்கள் இருக்கின்றன, வயலை இழந்த கமக்காரர் இருக்கிறார்கள். ஈரநிலத்தைத் தொட முதல் அதன் சேற்றைக் கேட்க வேண்டும் என்று உலகம் எப்போது தெரிந்துகொண்டது, தெரிந்த பிறகும் ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சேறு மூச்சுவிடுகிற ஒழுங்கு

முதலில் கொஞ்சம் இரசாயனம். பயப்படத் தேவையில்லை, சாதாரண தரத்தில் படித்தது போதும்.

மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலைகுழை, வேர், வைக்கோல் எல்லாவற்றையும் தின்று வாழ்கின்றன. அப்படித் தின்னும்போது அவற்றிடம் இலத்திரன்கள் மிஞ்சும். சந்தைக்குச் சுமை கொண்டுபோனவர் அதை எங்கேயாவது இறக்கிவைத்துத்தானே ஆகவேண்டும்? அதுபோல இந்த இலத்திரன்களையும் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றுப் படுகிற மண்ணில் ஒட்சிசன் அதை வாங்கிக்கொள்ளும். நாங்கள் மூச்சுவிடுவதும் இதே கணக்குத்தான்.

வயலில் தண்ணீர் கட்டியதும் கணக்கு மாறுகிறது. தண்ணீருக்குள்ளால் ஒட்சிசன் பரவுகிற வேகம், காற்றில் பரவுவதைவிடக் கிட்டத்தட்ட 10,000 மடங்கு குறைவு. மண்ணில் மிஞ்சியிருக்கிற ஒட்சிசனை நுண்ணுயிர்கள் ஒரு நாளுக்குள்ளேயே முடித்துவிடும். பிறகு அவை அடுத்த ஆளைத் தேடும். முதலில் நைத்திரேற்று. அது முடிய மங்கனீசு. அதற்குப் பிறகு இரும்பு. இரும்பும் குறைய, சல்பேற்று. கடைசியில் வேறு வழியில்லாதபோது மெதேன் வாயு உருவாகும். இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. இலத்திரனை வாங்குவதைத் தாழ்த்தல் என்றும், இழப்பதை ஒட்சியேற்றம் என்றும் படித்திருக்கிறோம். மண்ணுக்குள் ஒரு பிளாற்றினம் மின்வாயைச் செருகி, எந்தப் படியில் சேறு நிற்கிறது என்று மில்லிவோல்ற்றில் அளக்கலாம். காற்றோட்டமுள்ள மண்ணில் அது +400க்கு மேலே இருக்கும். பல கிழமைகள் தண்ணீரில் கிடந்த சேற்றில் −200, −300 வரை இறங்கும்.

கருவி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். மேட்டு மண்ணின் சிவப்பு, வயல் சேற்றில் சாம்பல் நிறமாக மாறியிருக்கும். இரும்பு இலத்திரனை வாங்கிக் கரைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வந்தால் சல்பேற்றின் முறை வந்துவிட்டது. வயல் தண்ணீரின் மேலே சிலவேளை எண்ணெய் ஊற்றியது மாதிரி ஒரு மினுக்கம் தெரியும். குச்சியால் தொட்டுப் பாருங்கோ. எண்ணெய் என்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இது துண்டு துண்டாக உடையும். கரைந்த இரும்பு காற்றைக் கண்டு மறுபடி துருவாகிற படலம் அது. நெல்லைப் பிடுங்கினால் வேரில் செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். நெல் தன் தண்டுக்குள்ளால் காற்றை வேருக்கு இறக்குகிறது. அது வேரின் வெளியே கசியும்போது அங்கே இரும்பு துருப்பிடிக்கிறது. சேற்றுக்குள் நிற்பதற்கு நெல் கண்டுபிடித்த வழி இது.

கமக்காரருக்கு இந்தக் குறிகள் எல்லாம் காலங்காலமாகத் தெரியும். ஏன் அப்படி நடக்கிறது என்பதை இரசாயனம் சொல்லத்தான் காலம் எடுத்தது. 1776இல் இத்தாலியில் மஜோரே ஏரியின் கரைச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார் அலெசாண்ட்ரோ வோல்ற்றா. மெதேனை அறிவியல் அறிந்துகொண்டது அப்படித்தான். ஆனால் சேற்றுக்குள் இன்னும் ஆபத்தான ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஏரியையே வற்றவைக்க வேண்டியிருந்தது.

பூனைக்களி

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் ஹார்லெம் ஏரி கிட்டத்தட்ட 18,000 ஹெக்டேயர் பரப்பில் இருந்தது. புயல் அடிக்கிற நேரமெல்லாம் கரையைத் தின்று வளர்ந்துகொண்டிருந்த ஏரி அது. மூன்று பெரிய நீராவிப் பம்பி நிலையங்களை வைத்து அதை இறைத்து, 1852இல் தரையாக்கினார்கள். அந்தக் காலப் பொறியியலின் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று.

குடியேறியவர்கள் பயிரிடத் தொடங்கியபோது சில இடங்களில் ஒன்றும் முளைக்கவில்லை. மண்ணை வெட்டினால் வெளிர் மஞ்சள் திட்டுகள். டச்சுக் கமக்காரர் இந்த மாதிரி மண்ணைப் பூனைக்களி என்று அழைத்தார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்து இரசாயனவியலாளர் வான் பெம்மெலன் இந்தப் புதிய நிலத்தின் புளித்த மண்ணை ஆராய்ந்து 1886இல் விளக்கம் எழுதினார்.

விளக்கம் இதுதான். கடல்நீரில் சல்பேற்று நிறைய இருக்கிறது. கடலோரச் சேற்றில், ஒட்சிசன் இல்லாத இருட்டில், நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேற்றைத் தாழ்த்துகின்றன. வருகிற கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைட்டு என்ற கனிமமாகப் படிகிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை பைரைட்டு ஆயிரக்கணக்கான வருடங்கள் சும்மா கிடக்கும். தண்ணீரை வடித்து, காற்று அதைத் தொட்டால் ஒட்சியேற்றம் தொடங்கும். கந்தகம் சல்பூரிக்கமிலமாக மாறும். மண்ணின் பி.எச். பெறுமானம் 4க்குக் கீழே போகும். களியில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் அந்த அமிலத்தில் கரைந்து வேரைக் கொல்லும். முதல் மழைக்கு அமிலமும் அலுமினியமும் கழுவுண்டு வாய்க்காலுக்குப் போனால் மீனும் சாகும்.

ஏரியை வற்றவைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தொடங்கியபோது இதை விளக்கிச் சொல்ல ஆளில்லை. 1886க்குப் பிறகு ஆள் இருந்தது. இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

நெல் வயலில் இருந்து வந்த அறிவு

வான் பெம்மெலன் எழுதியது தண்ணீரை வடித்தால் வருகிற ஆபத்து. தண்ணீர் நிற்கும்போதே வருகிற ஆபத்தும் உண்டு. அதைப் படித்தது பெரும்பாலும் நெல் விளைகிற ஆசியா.

ஜப்பானில் சில வயல்களில் ஒரு விசித்திரமான நோய் இருந்தது. நாற்று நன்றாக வளரும், பச்சையாக நிற்கும். இலையுதிர்காலம் வந்து கதிர் முற்றவேண்டிய நேரத்தில் பயிர் சோர்ந்து விளைச்சல் விழுந்துவிடும். அகியோச்சி, அதாவது இலையுதிர்கால வீழ்ச்சி என்று அதற்குப் பெயர். ஷியோயிரி என்ற மண் விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் காரணத்தைத் தேடினார்கள். அந்த வயல்களில் இரும்பு கழுவுண்டு போயிருந்தது. சல்பேற்றிலிருந்து வருகிற ஐதரசன் சல்பைட்டைப் பிடித்து வைக்கப் போதுமான இரும்பு இல்லாததால் அந்த நஞ்சு வேரை அழுகச் செய்தது. இரும்பு நிறைந்த மேட்டு மண்ணைக் கொண்டுவந்து வயலில் போடுவது பரிகாரமாக இருந்தது.

இலங்கையில் கதை நேரெதிர். ஈரவலயத்தில், சிவந்த குன்றுகளின் அடிவாரத்து வயல்களில், நெல்லின் கீழ் இலைகளில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் வந்து, முழு இலையும் வெண்கல நிறமாகிக் காய்ந்துவிடும். வெண்கல நோய் என்றே பெயர் வந்தது. எந்தப் பூச்சியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. அந்த நேரம் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக நீர் தேங்கிய மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தவர் பீலிக்ஸ் பொன்னம்பெரும, எங்கட நாட்டுக்காரர். 1955இல் அவரும் பிராட்பீல்ட், பீச் என்ற பேராசிரியர்களும் சேர்ந்து நேச்சர் சஞ்சிகையில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். நோய்க்குக் காரணம் இரும்பு என்றார்கள். தண்ணீர் தேங்கிய மண்ணில் தாழ்த்தப்பட்டுக் கரைந்த இரும்பை நெல் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது.

ஒரு நாட்டில் இரும்பு குறைந்து நெல் செத்தது. மற்ற நாட்டில் இரும்பு கூடி நெல் செத்தது. இரண்டுக்கும் ஒரே விஞ்ஞானம்தான் விடை சொன்னது. அப்படியென்றால் ஒரு வயலுக்குச் சரியான மருந்து பக்கத்து நாட்டு வயலுக்கு நஞ்சாகலாம். சேற்றுக்குச் சேறு கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பொன்னம்பெரும பிறகு பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மண் இரசாயனவியலாளராகப் பல வருடங்கள் வேலை செய்தார். 1972இல் அவர் எழுதிய ‘நீரில் மூழ்கிய மண்களின் இரசாயனம்’ என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரையை இந்தத் துறையில் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் எங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம்: தண்ணீர் கட்டினால் அமில மண்ணின் பி.எச். மேலே ஏறும், கார மண்ணுடையது கீழே இறங்கும், இரண்டும் நடுநிலைக்குக் கிட்ட வந்து நிற்கும். அமில மண்ணில் இந்த ஏற்றம், தாழ்த்தல் நடக்கும்போது அமிலம் செலவாவதால் வருகிற பலன். பொசுபரசும் பயிருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். நெல் வயலுக்கு ஏன் தண்ணீர் கட்டினார்கள் என்று கேட்டால் களையை அடக்க என்று சொல்லுவோம். அதோடு சேர்த்து மண்ணையே சரிசெய்கிற வேலையையும் அந்தத் தண்ணீர் செய்துகொண்டிருந்தது.

பின்னாட்களில் அவர், மண்ணை மாற்றச் செலவழிப்பதைவிட அந்த மண்ணைத் தாங்குகிற நெல்லைத் தேடலாம் என்ற பக்கம் கூடுதலாக உழைத்தார். களுத்துறை மாவட்டத்துப் பொம்புவெல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரும்பு நஞ்சைத் தாங்குகிற இனங்கள் வந்தன. பி.டபிள்யூ. 267-3 அதில் ஒன்று. பெயரில் இருக்கிற அந்த இரண்டு எழுத்தும் பொம்புவெலதான்.

அதே 1972இல் நெதர்லாந்தின் வாகனிங்கனில் அமில சல்பேற்று மண் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு நடந்தது. பூனைக்களிக்கு இப்போது உலகப் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டாவது மாநாடு 1981இல் பாங்கொக்கில், அதாவது எங்கட வாசலடியில்.

கேட்காமல் விட்டவை

மாத்தறையில் நில்வளா கங்கை கடலுக்குப் போய்ச் சேருகிற சமவெளி தாழ்வானது. வெள்ளம் அடிக்கடி வரும், சனம் பாடுபடும். வெள்ளத்தைத் தடுக்க 1980களில் வெளிநாட்டு உதவியோடு ஒரு பெரிய திட்டம் வந்தது. ஆற்றோரம் அணைகள், உள்ளே வடிகால்கள், தண்ணீரை இறைத்து ஆற்றில் விடப் பம்பி நிலையங்கள். வெள்ளத்திலிருந்து பட்டினத்தைக் காப்பாற்றுவது நியாயமான நோக்கம்தான். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த வயல்களுக்கு அடியில் இருந்தது, ஒரு காலத்தில் உவர்நீர் ஏறிவந்து படியவைத்த பைரைட்டுச் சேறு. வடிகால்கள் நிலத்தடி நீரை இறக்கின. காற்று கீழே போனது. ஹார்லெம் ஏரியில் நடந்தது மாத்தறையில் நடந்தது. மண் புளித்தது, இரும்பு நஞ்சும் சேர்ந்துகொண்டது, வயல்கள் விளைச்சல் குறைந்து பலது கைவிடப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்ட வயலில் நெல் விளையவில்லை.

வான் பெம்மெலன் எழுதி அப்போது கிட்டத்தட்ட நூறு வருடம். இரும்பு நஞ்சை உலகத்துக்கு விளக்கியவர் இந்த நாட்டவர். பாங்கொக் மாநாடு அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. அறிவு இல்லாத குறையென்று யாரும் சொல்ல முடியாது. அணையின் உயரத்துக்கும் பம்பியின் வலுவுக்கும் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். சேற்றுக்குக் கணக்குப் போடும் மேசை ஒன்று அந்த அறையில் இருக்கவில்லை, அல்லது இருந்தும் அதன் குரல் எடுபடவில்லை.

இது இலங்கையின் தனிக்குறை என்று நினைக்கக்கூடாது. இந்தோனேசியாவில் சுகார்த்தோ ஆட்சி 1995இல் மத்திய கலிமந்தானின் சதுப்புக் காடுகளில் 10 இலட்சம் ஹெக்டேயரை நெல் வயலாக்கப் போவதாக அறிவித்தது. 4,000 கிலோமீற்றருக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீரில் கிடந்து, ஒட்சிசன் இல்லாததாலேயே உக்காமல் சேர்ந்த கரிச்சேறு அது. பீற் என்பார்கள். தண்ணீர் வடிந்ததும் அது உக்கத் தொடங்கியது, காய்ந்தது, 1997இன் வரட்சியில் பற்றி எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியாவின் சதுப்புத் தீக்களிலிருந்து 0.81 முதல் 2.57 கிகாதொன் வரை காபன் வெளியானதாக 2002இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தயாக் மக்களின் பிரம்புத் தோட்டங்களும் மீன்குட்டைகளும் போயின. ஜாவாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஏழைக் கமக்காரர் புளித்த மண்ணோடு மாரடித்தார்கள். சுகார்த்தோ விழுந்த பிறகு திட்டம் கைவிடப்பட்டது. வெட்டிய வாய்க்கால்கள் தொடர்ந்து வடித்துக்கொண்டிருந்தன.

சும்மா கிடக்கிற நிலம்

ஏன் திரும்பத் திரும்ப இப்படி? கலைப்பீடத்து ஆட்கள் என்ற முறையில் எங்களுக்குத் தோன்றுகிற ஒரு காரணம், சொல்லில் இருக்கிறது.

1840இல் பிரித்தானியர் கொண்டுவந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிராத, பயிரிடாத காணி எல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குச் சொந்தம் என்றது. மலைநாட்டுக் கோப்பிக்காகப் பறிபோன காணிகளைப் பற்றிப் படிக்கும்போது இந்தச் சட்டத்தை எல்லோரும் படிக்கிறோம். ஆனால் அது விட்டுச்சென்ற பார்வை காணியோடு நிற்கவில்லை. உழாத நிலம் சும்மா கிடக்கிற நிலம் என்று நாங்களும் பழகிவிட்டோம். 1968இல் கொழும்பின் தாழ்நிலங்களுக்கு ஒரு சபை அமைத்தபோது அதன் பெயரிலேயே ‘மீட்பு’ என்ற சொல் இருந்தது. ஆபத்தில் மாட்டியவரை மீட்பார்கள், அடகுவைத்த நகையை மீட்பார்கள். சதுப்பு நிலத்தை யாரிடமிருந்து மீட்கிறோம்? தண்ணீரிடமிருந்து என்றால், அந்தத் தண்ணீர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று முதலில் தெரிய வேண்டாமா?

மேலே பார்த்த அத்தனை கதையிலும் பதில் ஒன்றுதான். தண்ணீர் காவல் நின்றது. பைரைட்டைக் காற்றிலிருந்து காத்தது, பீற்றை நெருப்பிலிருந்து காத்தது, வயல் மண்ணின் அமிலத்தை அடக்கி வைத்தது. சில இடங்களில் அதே தண்ணீர் இரும்பைக் கரைத்து நெல்லுக்கு நஞ்சு ஊட்டியதும் உண்மை. அதனால் எல்லா ஈரநிலத்தையும் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டினத்துக்கு வெள்ளத் தடுப்பு வேண்டும், கமக்காரருக்கு வடிகால் வேண்டும். எவ்வளவு ஆழம், எந்தப் பருவத்தில், எந்த மட்டம் வரை என்பதைச் சேறு தீர்மானிக்க வேண்டும்.

சேற்றைக் கேட்பது பெரிய செலவும் இல்லை. வாய்க்கால் போகப்போகிற ஆழத்திலிருந்து ஒரு பிடி சேறு எடுத்து உடனே பி.எச். பார்க்க வேண்டும். பிறகு அதை ஈரம் காயாமல் காற்றுப் படும்படி சில கிழமைகள் வைத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். முதலில் நடுநிலையாக இருந்தது 4க்குக் கீழே விழுந்தால் அங்கே பைரைட்டு இருக்கிறது. அவசரம் என்றால் ஐதரசன் பேரொட்சைட்டு ஊற்றி அன்றைக்கே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய வேலை.

எங்கட ஊர்ப்பக்கம் ஒரு சதுப்பை நிரப்பவோ வடிக்கவோ திட்டம் வருகிற நேரம், பறவை எத்தனை, மரம் எத்தனை என்று கேட்கிறோம். அது நல்லது. அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்ப்போம்: அடிச்சேற்றை எடுத்துப் பார்த்தீர்களா, என்ன பி.எச். வந்தது, அந்த அறிக்கை எங்கே? பதில் சொல்ல அவர்களுக்குச் சில கிழமைகள் போதும். கேட்காமல் விட்டால் அந்த வயலை நம்பியிருக்கிறவர்கள்தான் வருடக்கணக்காகப் பதில் சொல்ல வேண்டிவரும்.